அம்மாவிடமிருந்து எடுக்கும் இரத்தம் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மறதி நோயின் தொடக்க அடையாளங்களைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதன் பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை நான் எதிர்பாராத ஒரு பொருளைத் தொட்டிருந்தன. ஆய்வுக்காக நோயாளிகளிடமிருந்து இரத்தம், உமிழ்நீர், முள்ளந்தண்டு நீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவம்) முதலிய மாதிரிகளை எடுப்பது சரியா, எடுத்ததைப் பிற நாட்டு ஆய்வாளருடன் பகிர்வது முறையா என்று அவை கேட்கின்றன. திருகோணமலை மாவட்டத்திலிருந்து எழுதிய ஐவருக்கு இங்கே பதில் தருகிறேன்; அவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. நான் ஆய்வுகூடத்தில் எம்.எல்.ரி.யாக, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். ஆகவே சிகிச்சை பற்றிய ஐயங்களை உங்கள் வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரியை எடுப்பதும் காப்பதும் அனுப்புவதும் நான் என் கையால் செய்த வேலைகள் என்பதால், அவற்றைப் பற்றி மட்டும் உறுதியோடு எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 74 வயது. இரண்டு ஆண்டுகளாக மறதி கூடிக்கொண்டே வருகிறது. கிளினிக்கிற்கு வந்திருந்த ஆய்வுக் குழுவினர் அம்மாவின் இரத்தமும், முடியுமானால் முள்ளந்தண்டு நீரும் ஆய்வுக்குத் தர இயலுமா என்று கேட்டார்கள். அம்மா அன்றைக்கு "எடுக்கட்டும்" என்றார். மறுநாள் "ஏன் என்னைக் குத்தப் போகினம்?" என்று அழுதார். அண்ணாவோ, "அறளை பெயர்ந்த மனிசியிட்டைக் கேட்டு என்ன செய்யிறது, நீ கையொப்பத்தை வை" என்கிறார். நான் கையொப்பம் வைக்கலாமா? – வாசகி, உப்புவெளி

பதில்: முதலில் உங்கள் அண்ணா சொன்ன சொல்லைப் பற்றிச் சிறிது எழுத வேண்டும். 'அறளை பெயர்தல்' என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் அந்தச் சொல் ஒருவருடைய அறிவு முழுவதும் ஒரே நாளில் பெயர்ந்து விழுந்துவிட்டது போன்ற எண்ணத்தைக் கேட்பவர் மனதில் உண்டாக்கிவிடுகிறது. நோய் அப்படி வருவதில்லை. இன்று என்ன கிழமை என்று சொல்ல முடியாத ஒருவருக்கு, தன் உடம்பில் ஊசி ஏற்றுவதற்குத் தான் உடன்படுகிறாரா இல்லையா என்பது தெளிவாகத் தெரியலாம். முடிவெடுக்கும் ஆற்றலை ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும் என்பது ஆய்வு ஒழுக்கநெறியில் நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. வங்கிக் கணக்கைக் கையாள முடியாதவர் இரத்தம் கொடுப்பதைப் பற்றி முடிவு சொல்லக்கூடும்.

ஆகவே அம்மாவிடம் மறுபடியும் கேளுங்கள். அவருக்கு மனம் தெளிவாக இருக்கும் வேளையில், பெரும்பாலும் காலைச் சாப்பாட்டிற்குப் பிறகு, வீட்டின் அமைதியான மூலையில் பக்கத்தில் இருந்து, இரண்டு மூன்று வசனங்களில் சொல்லுங்கள்: "அம்மா, மறதி ஏன் வருகுது எண்டு படிக்கிற ஆக்கள் உங்கட இரத்தத்தில கொஞ்சம் கேக்கினம். அதால உங்களுக்குச் சுகம் வரும் எண்டில்லை. பிறகு வாற ஆக்களுக்கு உதவும். குடுக்க விருப்பமோ?" சொன்னதை அவருடைய வார்த்தையில் திரும்பச் சொல்லச் செய்யுங்கள். ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு முறையும் விளங்கிக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னால் அது அவருடைய சம்மதம். விளங்கிக்கொள்ள இயலவில்லை என்றால் குடும்பத்தவர் அவர் சார்பில் கையொப்பமிடலாம். ஆனால் அப்போது உங்களுக்கோ அண்ணாவுக்கோ எது சரியாகப் படுகிறது என்று பார்க்காமல், நல்ல சுகத்தோடு இருந்த காலத்து அம்மா இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்பதை நினைத்துப் பார்த்தே கையொப்பம் வைக்க வேண்டும். அப்படி நீங்கள் கையொப்பம் வைத்த பிறகும், ஊசியோடு தாதி வரும் நேரத்தில் அம்மா கையை இழுத்துக்கொண்டால், அந்த இழுப்பே பதில். அதற்கு மேல் எந்தப் பத்திரமும் செல்லாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இரத்தமும் முள்ளந்தண்டு நீரும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். ஆய்வுக்கு எடுக்கும் இரத்தம் பொதுவாகச் சில குழாய்கள்தான். இரத்த வங்கியில் ஒரு முறை தானம் கொடுக்கும் ஏறத்தாழ 450 மில்லிலீற்றரோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். முள்ளந்தண்டு நீரைக் கீழ்முதுகின் முள்ளெலும்புகளின் இடையே மெல்லிய ஊசியைச் செலுத்தி எடுப்பார்கள். தண்டுவடம் முதுகின் கீழ்ப்பகுதிக்கு வருமுன்னரே முடிந்துவிடுவதால், ஊசி போகும் இடத்தில் நரம்பு வேர்களும் நீருமே உள்ளன. "தண்டில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்" என்று ஊரில் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். வைத்தியர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதே அவ்வாறு நேராமல் இருப்பதற்காகத்தான். உடலில் எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் முள்ளந்தண்டு நீர் இருக்கிறது, ஒரு நாளில் 500 மில்லிலீற்றர் அளவு புதிதாகச் சுரக்கிறது. எடுப்பது பெரும்பாலும் மூன்று தேக்கரண்டி அளவுக்கு மேற்படாது. மெய்யாகவே வரக்கூடியது தலையிடி. 2018 ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, பழைய கூர்முனை ஊசியால் குத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத் தலையிடி வந்தது. முனை மழுங்கிய புதிய வகை ஊசியால் குத்தப்பட்டவர்களில் அது நூற்றுக்கு 4 ஆகக் குறைந்தது. எந்த ஊசியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பதற்கு நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை. அம்மா இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

இரத்தத்திற்கு ஆம் என்றும் முள்ளந்தண்டு நீருக்கு இல்லை என்றும் சொல்லலாம். நன்றாக ஆயத்தம் செய்யப்பட்ட சம்மதப் பத்திரத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி இருக்கும். பத்திரம் தமிழில் இல்லையென்றால், தமிழில் வரும்வரை கையொப்பம் வைக்காதீர்கள். வைத்த பின் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துவாருங்கள். ஆய்வு முறையானதா என்று பார்க்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் தொடர்பு விபரம் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படிக்க விரும்பும் மாணவன். வைத்தியசாலையில் சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் எடுத்த இரத்தத்தின் மிச்சத்தையே மறதி நோய் ஆய்வுக்கும் பயன்படுத்தினால் என்ன? இதற்கென்று புதிதாக எடுத்து, ஆழ்குளிரில் வைத்து, இத்தனை செலவு செய்வது எதற்கு? – வாசகர், கன்னியா

பதில்: தம்பி, நீங்கள் கேட்டிருப்பது என் தொழிலின் நெஞ்சுப் பகுதியை. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுவேன்.

மறதி நோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோயில் மூளையில் சேரும் இரண்டு புரதங்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள்: அமிலோயிட் பீற்றா, டௌ. அவற்றின் மிகச் சிறு பகுதி இரத்தத்திலும் கலந்து ஓடுகிறது. சீனியை நூறு மில்லிலீற்றரில் இவ்வளவு மில்லிகிராம் என்று அளக்கிறோம். இவற்றையோ ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கை அலகாக வைத்தே அளக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு சிறிய ஒன்றை அளக்கும்போது, நாம் கவனியாத ஒவ்வொரு செயலும் விடையை மாற்றிவிடும். அமிலோயிட் பீற்றா ஒட்டும் இயல்புடையது. முள்ளந்தண்டு நீரைக் கண்ணாடிக் குழாயிலோ பொலிஸ்ரைரீன் குழாயிலோ ஊற்றினால் அது சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அளந்தால் குறைந்து காட்டும். முள்ளந்தண்டு நீரில் இப்புரதம் குறைவது நோயின் அடையாளம் அல்லவா? அப்படியானால் பிழையான குழாய் நோயில்லாத ஒருவரை நோயாளியாக்கிவிடும். அதனால்தான் பொலிபுரோப்பிலீன் குழாய்தான் வேண்டும் என்று ஆய்வாளர்கள் பிடிவாதமாக நிற்கிறார்கள்.

இரத்தத்திற்கு ஊதா மூடியுள்ள, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ. இட்ட குழாயைப் பயன்படுத்துகிறார்கள். எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாக்கிப் புரட்ட வேண்டும். குலுக்கினால் செங்குருதிக் கலங்கள் உடையும். பிறகு ஒன்றிரண்டு மணித்தியாலத்திற்குள் மையநீக்கியில் சுழற்றி, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். சுழற்றாமல் அறை வெப்பத்தில் வைத்திருந்தால் அமிலோயிட் குறையத் தொடங்கும். டௌ புரதத்தின் சில வகைகள் அவ்வளவு விரைவில் கெடுவதில்லை. பிரித்த பிளாஸ்மாவை ஒரே குழாயில் நிறைத்து வைக்காமல் சிறு சிறு குழாய்களில் பங்கிட்டு, மறை 80 பாகை செல்சியசில் உறையவைப்போம். ஏன் பங்கிட வேண்டும் என்றால், ஒரு முறை உருக்கி மீண்டும் உறையவைத்த மாதிரி முந்தைய மாதிரி அல்ல. ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு ஆய்வாளர் கேட்டால், மற்றவற்றைத் தொடாமல் ஒரு சிறு குழாயை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். பகிர்வது என்பது இந்தப் பங்கிடும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. சீனிப் பரிசோதனையின் மிச்சம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் மேசையில் இருந்தது, உணவுக்கு முன்னா பின்னா என்பவை யாருக்கும் தெரியாது. வரலாறு தெரியாத மாதிரியை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது.

இன்றும் என் மனதை உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஆய்வுகூடத்தில், வேறொரு நோய் பற்றிய ஆய்வுக்காகக் கிராமம் கிராமமாகச் சென்று எடுத்த மாதிரிகள் ஆழ்குளிர்ப் பெட்டியில் இருந்தன. ஒரு நீண்ட வார இறுதியில் மின்சாரம் நின்றது. மின்பிறப்பாக்கி தானாக இயங்கவில்லை, அபாயமணி அடித்தபோது கேட்பதற்கு ஆளில்லை. திங்கட்கிழமை நான் வந்தபோது பெட்டி மறுபடியும் மறை 80 இல் சீராக நின்றது. குழாய்களின் உள்ளே பனி ஒரு பக்கமாகச் சரிந்து உறைந்திருந்ததைக் கண்டபோதுதான், இடையில் எல்லாம் உருகியிருந்தது என்று விளங்கியது. "வெளியே தெரியாது, விட்டுவிடுவோம்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். குறிப்பேட்டில் எழுதினோம், மாதிரிகளை அழித்தோம். கொடுத்தவர்களில் ஒரு மூதாட்டி, இரத்தநாளம் கிடைக்காமல் மூன்று தடவை குத்தப்பட்டவர், "பறவாயில்லை மகன், எடு" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கையை நினைத்தால் இன்றும் எனக்கு நித்திரை வருவதில்லை. ஆழ்குளிர்ப் பெட்டியின் வெப்பநிலையை நிமிடந்தோறும் பதியும் கருவியும், அபாயமணியைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் ஏற்பாடும் இல்லாத இடத்தில் மக்களிடம் மாதிரி கேட்கவே கூடாது என்பது என் கருத்து.

திருகோணமலையின் வெயிலும் கொழும்புக்கான தூரமும் நமக்கு உள்ள தனிச் சிக்கல்கள். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் வீதியில் முழு இரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு நல்ல விடையை எதிர்பார்க்க முடியாது. இங்கேயே சுழற்றி, பிரித்து, உறையவைத்து, உலர்பனிக்கட்டியோடு அனுப்ப வேண்டும். உலர்பனிக்கட்டி மறை 78.5 பாகையில் வாயுவாக மாறும் என்பதால் பெட்டியை இறுக்கி மூடக்கூடாது. வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். குழாய், அதைச் சுற்றி நீர் உறிஞ்சும் பொருளோடு கசியாத இரண்டாம் உறை, அதற்கு வெளியே வலிய பெட்டி என்று மூன்று அடுக்காகக் கட்டுவது உலகெங்கும் உள்ள விதி. விரல் நுனியிலிருந்து எடுத்த சில துளி இரத்தத்தைத் தாளில் உலரவைத்துச் சாதாரண அஞ்சலில் அனுப்பி, அதிலிருந்தே டௌ புரதத்தை அளக்கும் முறையை ஐரோப்பிய ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். அது உறுதிப்பட்டால் மூதூருக்கும் வெருகலுக்கும் மையநீக்கியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நீங்கள் இத்துறைக்கு வரும் காலத்தில் அது கைக்கு வந்துவிடும் என்று நான் பெரிதும் நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் மக்களின் இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே காசாக்குகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். யாரும் கொடுக்க வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்ல எண்ணியிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன? – ஆசிரியர் ஒருவர், மூதூர்

பதில்: ஆசிரியர் அவர்களே, உங்கள் ஐயம் வெறும் வதந்தியின் மேல் நிற்பது அல்ல. ஐக்கிய அமெரிக்காவில் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுப்பாய் பழங்குடியினர், தம்மிடையே பரவியிருந்த நீரிழிவின் காரணத்தை அறியலாம் என்ற நம்பிக்கையில் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு இரத்தம் கொடுத்தார்கள். அதே இரத்தம் பின்னர் மனச்சிதைவு நோய் பற்றியும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தப்பட்டது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே தாம் தோன்றியவர்கள் என்பது அவர்களின் சமய நம்பிக்கை. 2004 இல் வழக்குத் தொடுத்தார்கள். 2010 இல் பல்கலைக்கழகம் 7 இலட்சம் டொலர் வழங்கி, எஞ்சியிருந்த இரத்த மாதிரிகளையும் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது. கொடுத்தது ஒன்றுக்காக, எடுத்தது இன்னொன்றுக்காக என்பதே அங்கே நடந்த அநீதி.

இதை அறிந்துகொண்டும், "கொடுக்க வேண்டாம்" என்று சொல்லாதீர்கள் என்றே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம்மவர் கொடுக்காமல் விடுவதால் இழப்பு நமக்குத்தான். எப்படி என்று சொல்கிறேன்.

உலகில் 5 கோடியே 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் மறதி நோயோடு வாழ்கிறார்கள், அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் ஆய்வாளர்கள் கையில் உள்ள மாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தவர்களுடையவை. பிரித்தானியாவின் யூ.கே. பயோபாங்க் என்னும் மாதிரிக் களஞ்சியம் 2006 முதல் 2010 வரை 5 இலட்சம் பேரிடம் இரத்தமும் சிறுநீரும் திரட்டியது. அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் வெள்ளையினத்தவர். இங்கே ராகமையில் 65 வயதைக் கடந்த 703 பேரிடம் நடத்தி 2003 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்கு மறதி நோய் இருப்பதாகக் காட்டியது. அது எண்ணிக்கை பற்றிய ஆய்வு. நம்மவரின் இரத்தத்தில் அந்நோய் எப்படித் தெரிகிறது என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்வி நம் மாவட்டத்திற்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பாருங்கள். பி-டௌ217 என்ற டௌ புரத வகையையும் அமிலோயிட்டையும் இரத்தத்தில் அளந்து அல்சைமர் நோயை அறிய உதவும் பரிசோதனை ஒன்றுக்கு 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது. நாளடைவில் அது கொழும்புக்கும் பிறகு இங்கும் வரும். ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவரின் இரத்தத்தில், மூளையில் அந்நோய் இல்லாமலே பி-டௌ217 கூடிக் காணப்படலாம். நம் மாவட்டத்தின் பதவி சிறிபுரவில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயால் எத்தனை விவசாயக் குடும்பங்கள் அவதிப்படுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்களோ நகரத்திலும் எத்தனையோ பேர். சுவீடனிலும் அமெரிக்காவிலும் வகுத்த எல்லை அளவை அப்படியே இங்கே வைத்துப் பார்த்தால், அல்சைமர் இல்லாத ஒரு விவசாயிக்கு அல்சைமர் என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். அதைத் தடுக்க ஒரே வழி, இங்குள்ளவர்களின் இரத்தத்தை, நோயுள்ளவர் இல்லாதவர் இரு சாராரிடமும் எடுத்து அளந்து பார்ப்பதுதான்.

சரி, அளப்பதை இங்கேயே அளக்கட்டும், ஏன் பகிர வேண்டும் என்று கேட்பீர்கள். 2004 இல் அமெரிக்காவில் தொடங்கிய, அல்சைமர் ஆய்வுக்கான அட்னி என்னும் கூட்டுத் திட்டம், திரட்டிய தரவை உலகின் எந்தத் தகுதியுள்ள ஆய்வாளர் விண்ணப்பித்தாலும் கொடுப்பது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தது. தம்முடையதைப் பூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்குப் பிறகே இத்துறையில் தளர்ந்தது. கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் ஒரு பெரிய குடும்பத்தில், பிரெசனிலின்-1 மரபணுவின் மாற்றத்தால் நாற்பதுகளிலேயே மறதி தொடங்கும். அந்த மாற்றத்தைச் சுமந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் எழுபது வயதைக் கடக்கும்வரை நினைவு கெடவில்லை. கொலம்பிய மருத்துவர்கள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து அவரது மாதிரிகளை ஆராய்ந்து, ஏ.பி.ஓ.ஈ. மரபணுவில் அவருக்கு இருந்த இன்னோர் அரிய மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என்று 2019 இல் வெளியிட்டார்கள். அந்தப் பாதுகாப்பைப் போலச் செய்யும் மருந்தைத் தேடும் வேலை இப்போது நடக்கிறது. அவருடைய இரத்தம் கொலம்பியாவின் மெடலின் நகரில் ஒரு குளிர்ப்பெட்டியிலேயே கிடந்திருந்தால் இது தெரிய வந்திராது. கொலம்பிய மருத்துவர்கள் இல்லாமல் பொஸ்ரன் மட்டும் எடுத்திருந்தாலும் தெரிய வந்திராது.

ஆகவே பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். கேட்க வேண்டிய கேள்விகளை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இந்த மாதிரி மறதி நோய்க்கு மட்டுமா, வேறு ஆய்வுக்கும் பயன்படுமா? வேறொன்றுக்குப் பயன்படுத்துமுன் எங்களிடம் மறுபடி கேட்பீர்களா? நாட்டை விட்டு வெளியே போனால் எழுத்து மூலமான மாதிரிப் பரிமாற்ற உடன்படிக்கை இருக்கிறதா, மிச்சத்தை அழிப்பதா திருப்புவதா என்று அதில் எழுதியிருக்கிறதா? இந்நாட்டு ஆய்வாளர் அந்த ஆய்வில் சம பங்காளியா, அல்லது குழாய்களில் பெயர் ஒட்டிக் கொடுப்பவர் மட்டுமா? மனம் மாறினால் யாருக்குத் தெரிவிப்பது? உயிரி மாதிரிக் களஞ்சியங்களுக்கென்று உலக மருத்துவச் சங்கம் 2016 இல் வெளியிட்ட தாய்பே பிரகடனமும் இவற்றையே வலியுறுத்துகிறது. நம் நாட்டின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலையும் மரபணுத் தகவலையும் தனிப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் குழுவுக்குத் தாராளமாக இல்லை என்று சொல்லுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லும் குழுவுக்குக் கையை நீட்டுங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். மறதி நோயால் இறந்தவர்களின் மூளையை ஆய்வுக்கு எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் உம்மாவும் இந்த நோயோடு இருக்கிறார். ஜனாஸாவைத் தாமதிக்காமல் நல்லடக்கம் செய்வது எங்கள் கடமை. உம்மாவிடம் உயிரோடு இருக்கும்போது இரத்தம் எடுக்க விட்டால், பிறகு அதையும் கேட்டு வற்புறுத்துவார்களா? – வாசகர், கிண்ணியா

பதில்: வஅலைக்குமுஸ் ஸலாம். வற்புறுத்த முடியாது. இரத்தத்திற்குக் கொடுத்த சம்மதம் மூளைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. மூளைக்குத் தனிப் பத்திரமும் தனி உரையாடலும் வேண்டும். இறந்தவரின் திசுவை ஆய்வுக்கு எடுப்பதை நம் நாட்டில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. மேலும் ஒருவர் இறந்து ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மூளை எடுக்கப்பட வேண்டும். பொதுவாக ஒரு பாதியை உறையவைத்து மறு பாதியை போமலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் பல கிழமைகள் ஊறவைப்பார்கள். அதற்கான களஞ்சியம் திருகோணமலையில் இல்லை. உங்கள் வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்கப்போவதில்லை. உம்மாவின் இரத்தமே ஆய்வுக்குப் பெரிய உதவி.

உங்கள் கேள்வியைச் சாட்டாக வைத்து, மூளையைக் கொடுக்க விரும்பும் மற்ற வாசகருக்காகச் சிறிது எழுதுகிறேன். முதலில் விவரிக்கப்பட்ட அல்சைமர் நோயாளி ஒரு ஜேர்மனியப் பெண். 1901 இல் பிராங்க்போர்ட் மனநல வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு 1906 இல் இறந்தார். அலொய்ஸ் அல்சைமர் அவரது மூளையைச் சீவி ஆக்கிய கண்ணாடித் தகடுகள் 1990களில் மியூனிக் நகரில் மறுபடி கண்டெடுக்கப்பட்டன. தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அவற்றில் அமிலோயிட் படிவுகளையும் டௌ முடிச்சுகளையும் பார்க்க முடிந்தது. அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கவில்லை என்பதை நாம் மறக்கக்கூடாது. அதற்கு மாறாக, 1986 இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வொன்றில் 678 கத்தோலிக்க அருட்சகோதரிகள், தம் மூளையை இறந்த பின் எடுத்துக்கொள்ளும்படி தாமே எழுதிக் கொடுத்தார்கள். மூளை நிறையப் படிவுகள் இருந்தும் கடைசிவரை தெளிவாகப் பேசிய சகோதரிகளும் இருந்தார்கள் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மூளைத் திசுக் களஞ்சியம் இயங்குகிறது. 1961 இல் தொடங்கிய கண் தானச் சங்கத்தின் வழியாக எத்தனையோ நாடுகளுக்குக் கண் கொடுத்த நாடு நம்முடையது. கொடுக்கும் மனம் இங்கே புதிதன்று. மூளையை எடுத்தபின் முகம் மாறுவதில்லை, உடல் குடும்பத்தாரிடம் திரும்பி வரும், இந்துக்கள் கன்னியாவில் செய்யும் முப்பத்தோராம் நாள் கிரியைக்கும் அதனால் குறை ஏதும் இல்லை.

கேள்வி: எனக்கும் மறதி வருமா என்று அறிய நானும் இரத்தம் கொடுக்கலாமா? கொடுத்தால் விடையைச் சொல்வார்களா? கனடாவில் இருக்கும் தங்கை, "அக்கா, உன்ர மரபணுவைப் பார்த்தால் என்ர மரபணுவையும் பார்த்ததுபோலத்தானே" என்று பயப்படுகிறார். – வாசகி, நிலாவெளி

பதில்: கொடுக்கலாம், நோயில்லாதவரின் இரத்தம் ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டாயம் தேவை. விடை பெரும்பாலும் சொல்லப்படாது. ஆய்வுக்கான அளவீடு ஒருவருக்கு நோய் உண்டு இல்லை என்று எழுதிக் கொடுக்கும் தரத்தில் செய்யப்படுவதில்லை. உங்களுக்கு மறதி பற்றிய கவலை இருந்தால் அதற்குரிய இடம் கிளினிக்.

தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெயரை நீக்கிக் குறியீட்டு எண் இட்டாலும், முழு மரபணு வரிசையை யாருடையது என்று ஒருபோதும் அறிய முடியாதபடி மறைத்துவிட முடியாது. அதில் ஏறத்தாழப் பாதி உங்கள் உடன்பிறந்தவரோடு பொதுவானது. ஆயினும் அச்சத்தின் அளவைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கொலம்பியக் குடும்பத்தில் உள்ளது போல, பெற்றாரிடமிருந்து பிள்ளைக்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்போடு இறங்கி, நோயை ஏறத்தாழ உறுதியாகக் கொண்டுவரும் மாற்றம் மிக அரிது. அது இளவயதிலேயே பலரைத் தாக்கும் குடும்பங்களில்தான் காணப்படும். பலரிடமும் உள்ள ஏ.பி.ஓ.ஈ.-4 வகை ஆபத்தைக் கூட்டும், ஆனால் நோயை விதிக்காது. அது இருந்தும் மறதி இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்கள் ஏராளம். அந்த ஆபத்து எவ்வளவு கூடும் என்பதும் மக்கள் இனத்துக்கு இனம் மாறுகிறது.

எனவே பத்திரத்தில் மரபணுவுக்கென்று தனிப்பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கையொப்பம் வைக்குமுன் தங்கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசி, பத்திரத்தின் அந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சம்மதித்தால் பெட்டியில் அடையாளமிடுங்கள். தயங்கினால் அதை வெறுமையாக விட்டு, புரத அளவீட்டுக்கு மட்டும் இரத்தம் கொடுங்கள். பிறகு மனம் மாறி விலகினால் எஞ்சிய மாதிரியை அழிக்கச் சொல்லலாம். அதற்குள் கணக்கிட்டு வெளியிடப்பட்ட முடிவிலிருந்து உங்களுடையதை மட்டும் பிரித்தெடுக்க முடியாது என்பதையும் தங்கையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.